புது பேரிங் போட்டும் பின் வீல் கரகரக்கிறது, ஆக்சிலை முடுக்கினால் பிடிக்கிறது

வாய்க்கால்மேடு (கோபி)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. என்னுடையது ஹார்ட்டெயில் எம்டிபி (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள்), 29 இன்ச் வீல். பின் ஹப் (வீலின் நடு உருளை) 148 மி.மீ., 12 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஃப்ரேமையும் ஹப்பையும் ஊடுருவி முடுக்கும் தண்டு). ஹப் மேல் கம்பெனி பெயர் எதுவும் இல்லை, வண்டியோடு வந்தது. ஓட்டுவதெல்லாம் கீழ்பவானி வாய்க்கால் மேட்டிலும் குண்டேரிப்பள்ளம் பக்கத்து மண் தடத்திலும்தான்.

ஐப்பசி மழையில் பின் வீலில் ஆட்டம் வந்தது. ஒரு கடையில் விட்டேன். ஹப்பில் இரண்டு, ஃப்ரீஹப்பில் (பின் பல்சக்கரங்களைத் தாங்கும் பகுதி) இரண்டு, ஆக நான்கு பேரிங்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆட்டம் போய்விட்டது. பொங்கல் வருவதற்குள் மறுபடி கரகர சத்தம். வீலைக் கழற்றி மடியில் வைத்து ஹப்பின் ஆக்சிலை விரலால் சுற்றினால் லேசாகத்தான் சுற்றுகிறது. ஃப்ரேமில் மாட்டி த்ரூ ஆக்சிலை முடுக்கினால் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் தளர்த்தினால் விடுகிறது. இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினால் மேல் பக்கச் செயின் தொய்ந்து விழுகிறது.

மழையில் ஓட்டினால் பேரிங் அப்படித்தான் போகும் என்கிறார் கடைக்காரர். நான்கையும் மறுபடி மாற்றுவதா, இல்லை ஹப்பையே மாற்றி வீலைப் புதிதாகக் கட்டுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.


ஆழியாறு40 (பொள்ளாச்சி)

தம்பி, முதலில் ஒன்று. வண்டியை வாட்டர் சர்வீஸில் விட்டு ஹப்புக்கு நேராக பிரஷர் கன் அடித்தீர்களா? எங்கள் பக்கம் நல்ல பேரிங் வீணாகப் போவது பெரும்பாலும் அங்கேதான். மழைத்தண்ணீர் ரப்பர் சீலின் மேல் வழிந்து போகும். பிரஷர் தண்ணீர் சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன தண்ணீரை அதே சீல் வெளியே விடாது.

மழையில் ஓட்டினால் மட்டும் இவ்வளவு சீக்கிரம் போகாது. வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் சாரலில் இறங்குகிறவன் நான். அதே பேரிங் அடுத்த மழைக்காலத்தையும் பார்த்துவிட்டது. என்ன பேரிங் போட்டார்கள், ரப்பர் மூடியா தகர மூடியா என்று பாருங்க.


பட்டறைக்காரன் (கணபதி)

ஹப்பை மாற்ற வேண்டாம். பேரிங்கும் இப்போதே வாங்க வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே விடை பாதி இருக்கிறது: ஆக்சிலை முடுக்கினால் பிடிக்கிறது, தளர்த்தினால் விடுகிறது. பேரிங் தேய்ந்திருந்தால் முடுக்கினாலும் தளர்த்தினாலும் ஒரே மாதிரிதான் கரகரக்கும். முடுக்கும்போது மட்டும் பிடித்தால், பேரிங்கை யாரோ பக்கவாட்டில் நெருக்குகிறார்கள் என்று அர்த்தம். அது எந்த பேரிங் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வீலைக் கழற்றுங்க. இரு பக்கமும் இருக்கும் மூடிகளை இழுத்து எடுங்க. இந்த மாதிரி ஹப்பில் பெரும்பாலும் ஃப்ரீஹப் கையாலேயே வெளியே வந்துவிடும், கேசட்டைக்கூட (பின் பல்சக்கரக் கொத்து) கழற்ற வேண்டியதில்லை. வரவில்லை என்றால் அடித்து நெம்பாதீர்கள், சில ஹப்பில் அதை ஒரு நட்டோ ஆலன் போல்ட்டோ பிடித்திருக்கும். கீழே ஒரு தாம்பாளத்தட்டு வைத்துக்கொண்டு மெதுவாக இழுங்க. உள்ளே இருக்கும் பால் கட்டைகளும் (pawl, மிதிக்கும்போது ஃப்ரீஹப்பை ஹப்போடு பூட்டும் சிறு நாக்குகள்) மயிரிழை போன்ற ஸ்பிரிங்கும் தெறித்தால் தேடிக் கிடைக்காது.

அப்புறம் நான்கு பேரிங்கிலும் தனித்தனியாக விரல் விட்டுச் சுற்றிப் பாருங்க. எது சொரசொரப்பு, எது வழுவழுப்பு, எது கல் மாதிரி பிடிக்கிறது என்று எழுதுங்க. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொறித்திருக்கும் எண்ணையும் போடுங்க.


ஈரோடு_பெடல் (ஈரோடு)

மிதிப்பதை நிறுத்தினால் செயின் தொய்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஃப்ரீஹப் வீலோடு ஒட்டிக்கொண்டு செயினை முன்னால் தள்ளுகிறது, அதனால்தான் தொய்கிறது. கோளாறு ஃப்ரீஹப்பில் என்றே நினைக்கிறேன்.

சத்தம் எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்க தம்பி. மிதிக்கும்போது வந்து, மிதிப்பதை நிறுத்தியதும் நின்றுவிட்டால் ஃப்ரீஹப் பேரிங். இரண்டு நேரத்திலும் வந்தால் ஹப் பேரிங். பெடலும் பிபியும் (பெடல் கைகள் சுற்றும் நடு அச்சு) மிதிக்கும்போதுதான் சத்தம் போடும் என்பதால் அவற்றை முதலில் தனியாகச் சுற்றிப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும்.


காரமடை_ஏற்றம் (காரமடை)

அக்கா சொல்வது தலைகீழாக இருக்கிறதே? கோத்தகிரி இறக்கத்தில் என் ஃப்ரீஹப் போனபோது, மிதிப்பதை நிறுத்தினால்தான் கரகரவென்று கத்தியது. மிதித்தால் அமைதி. என்னுடையது ஷிமானோ ஹப்.


பட்டறைக்காரன் (கணபதி)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஹப்பின் அமைப்பு வேறு, அவ்வளவுதான்.

ஷிமானோவின் கப்–கோன் ஹப்பில் (கிண்ணத்துக்கும் கூம்புக்கும் நடுவில் தனிக் குண்டுகள் ஓடும் வகை) ஃப்ரீஹப்பின் உள்பகுதி ஹப்போடு போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும். அதற்குள் இருக்கும் பொடிக் குண்டுகள் உள்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. மிதிக்கும்போது இரண்டும் சேர்ந்து சுற்றுவதால் அந்தக் குண்டுகளுக்கு வேலை இல்லை. மிதிப்பதை நிறுத்தினால்தான் உருளும்.

கோபித் தம்பியின் ஹப்பில் ஃப்ரீஹப் நேராக ஆக்சிலின் மேலேயே தன் சொந்த பேரிங் இரண்டில் நிற்கிறது. ஆக்சில் சுற்றாது. மிதிக்கும்போது ஃப்ரீஹப் சுற்றும், அதனால் பேரிங்கும் உருளும். மிதிப்பதை நிறுத்தினால் ஃப்ரீஹப் நிற்கும், பேரிங்கும் ஓய்வு. கேசட் ஹப்பில் சத்தத்தை வைத்து நோய் சொல்வதற்கு முன்னால் இது எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல கடைகளில் இதைப் பார்ப்பதே இல்லை.


வாய்க்கால்மேடு (கோபி)

கழற்றிவிட்டேன்ங்க. ஃப்ரீஹப் கையாலேயே வந்தது.

ஹப்பில் இருக்கும் இரண்டும் 6902, ரப்பர் மூடி. டிஸ்க் பக்கம் வழுவழுப்பாகச் சுற்றுகிறது. செயின் பக்கம் லேசான சொரசொரப்பு. ஃப்ரீஹப்பில் இருக்கும் இரண்டும் 6802, தகர மூடி, இசட்இசட் என்று போட்டிருக்கிறது. வெளிப்பக்கத்து பேரிங் விட்டு விட்டுச் சுற்றுகிறது. உள்பக்கத்துது விரலுக்கு அசையவே இல்லை. மூடியின் ஓரத்தில் ராகிக் களி பதத்தில் பழுப்பாக ஏதோ பிதுங்கி நிற்கிறது. பால் கட்டைகளைச் சுற்றி கெட்டி கிரீஸ் அப்பியிருக்கிறது.

இன்னொன்று. ஃப்ரீஹப்பின் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் அலுமினியச் சுவர் நேராகத் தெரிகிறது. வேறு எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்குமா?


பட்டறைக்காரன் (கணபதி)

அங்கேதான் இருக்கிறது வினை. நடுவில் ஒரு மெல்லிய குழாய் இருந்திருக்க வேண்டும். நாங்கள் புஷ் என்போம். இரண்டு பேரிங்கின் உள்வளையத்தையும் தள்ளி நிறுத்துவது அதுதான். பழைய பேரிங்கை அடித்து எடுக்கும்போது அது கீழே விழுந்து உருண்டு போயிருக்கும், யாரும் எடுத்துப் போடவில்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நிதானமாகப் படிங்க. பேரிங்குக்கு வெளிவளையம், உள்வளையம் என்று இரண்டு வளையம். வெளிவளையங்கள் ஃப்ரீஹப்பின் சுவரில் உள்ள படியில் உட்கார்ந்திருக்கின்றன, அவை நகர முடியாது. த்ரூ ஆக்சிலை முடுக்கும்போது ஹப்பின் பக்க மூடி, ஃப்ரீஹப்பின் உள்வளையங்கள், ஆக்சிலின் தோள் எல்லாம் ஒரே வரிசையாக நெருக்கப்படுகின்றன. புஷ் இருந்தால் அந்த அழுத்தம் வளையத்திலிருந்து புஷ்ஷுக்கும், புஷ்ஷிலிருந்து அடுத்த வளையத்துக்கும் போய்ச் சேரும், குண்டுகளுக்குத் தெரியவே தெரியாது. புஷ் இல்லை என்றால் உள்வளையம் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரப் பார்க்கும், வெளிவளையம் விடாது. முழு அழுத்தமும் குண்டுகளின் மேல் பக்கவாட்டில் விழும். 6802 மாதிரி மெல்லிய பேரிங் அதைத் தாங்குவதற்குச் செய்ததே இல்லை.

உங்கள் பேரிங் மழையால் போகவில்லை. ஒவ்வொரு முறை ஆக்சிலை முடுக்கியபோதும் போனது. தண்ணீர் பிறகு வந்து முடித்து வைத்தது. செயின் தொய்ந்ததற்குக் காரணம் வேறு. பால் கட்டையில் அப்பிய கெட்டி கிரீஸ்தான் ஃப்ரீஹப்பைச் சுற்றும் வீலோடு சேர்த்து இழுத்திருக்கிறது.


வாய்க்கால்மேடு (கோபி)

நன்றிங்ணா. இந்தப் பெயர் தெரியாத ஹப்புக்கு அந்தப் புஷ் எங்கே கிடைக்கும்? பேரிங்கும் சைக்கிள் கடையில் கேட்டால் கிட்டாகத்தான் வரும், ஆர்டர் போட வேண்டும் என்கிறார்கள்.


பட்டறைக்காரன் (கணபதி)

கோயம்புத்தூர் மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேரிங்குக்கும் புஷ்ஷுக்கும் ஆர்டர் போட்டுக் காத்திருப்பதா? பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்கிற ஊர் இது. பேரிங் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருகிற கடைகள் இருக்கின்றன. சைக்கிளுக்கு என்று சொல்லவே வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லுங்க.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. கடைசி இரண்டு இலக்கம் உள்துளை: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும், 04 என்றால் 20. அதற்கு முந்தைய இலக்கம் பேரிங்கின் பருமன். 6802, 6902, 6002, 6202 நான்கும் 15 மி.மீ. துளைதான். வெளி விட்டமும் அகலமும்தான் மாறும்: 6802 என்பது 24க்கு 5, 6902 என்பது 28க்கு 7, 6002 என்பது 32க்கு 9, 6202 என்பது 35க்கு 11. சீலிங் ஃபேன் பேரிங் மாற்றியவர்களுக்கு 6202 பழக்கமான எண்ணாக இருக்கும். எஸ்கேஎஃப் கம்பெனிப் பெட்டியில் 6902க்கு 61902 என்றும் 6802க்கு 61802 என்றும் போட்டிருக்கும். வேறு சைஸ் தருகிறார்கள் என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் முக்கியம். இசட்இசட் என்றால் தகர மூடி. உள்வளையத்தைத் தொடாது, நடுவில் இடுக்கு இருக்கும். மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் சரி, அங்கே சேறு இல்லை. எம்டிபிக்கு வேண்டியது வளையத்தைத் தொட்டு நிற்கும் ரப்பர் சீல். பொதுப்பெயர் 2ஆர்எஸ். என்டிஎன் கம்பெனியில் எல்எல்யு, என்எஸ்கே கம்பெனியில் டிடியு என்று வரும். எல்எல்பி, விவி என்று வந்தால் ரப்பர்தான், ஆனால் தொடாத வகை. சீல் தொட்டால் வீல் கனக்கும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க: 29 இன்ச் வீல் ஒரு சுற்றுக்கு சுமார் 2.3 மீட்டர் போகிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஹப் நிமிடத்துக்கு 180 சுற்றுதான் சுற்றும். பம்ப் மோட்டார் 2,800 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. நம் வேகத்தில் சீலின் உராய்வு ஒரு பொருட்டே அல்ல. தண்ணீர்தான் பொருட்டு.

சி3 என்று போட்டதைத் தந்தால், அது உள்ளே குண்டுக்கு இடைவெளி சற்று அதிகமாக விட்ட பேரிங், மோட்டார் சூடாவதற்காக. ஹப்பில் போட்டால் ரிம்மில் மெல்லிய ஆட்டம் தெரியலாம். ஓடும், கெட்டுப்போகாது. சாதா வகை கிடைத்தால் அதையே வாங்குங்க.

புஷ் லேத்தில் போட வேண்டியதுதான். உள் விட்டம் 15க்குத் துளி கூட, ஆக்சில் தடையில்லாமல் நுழைய வேண்டும். வெளி விட்டம் 17 மி.மீ.யைத் தாண்டக்கூடாது, தாண்டினால் சீலில் உரசும். நீளம்தான் உயிர். பழைய பேரிங்கை எடுத்த பிறகு இரண்டு படிகளுக்கும் உள்ள தூரத்தை டெப்த் வெர்னியரில் இரண்டு மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்க. அந்த அளவைவிடப் புஷ் 0.05 மி.மீ. கூட இருக்கலாம், குறையவே கூடாது. குறைந்தால் இப்போது நடந்ததே சிறிய அளவில் மறுபடி நடக்கும்.


சங்ககிரி_ஆக்சில் (சங்ககிரி)

பட்டறைக்கார அண்ணன் சொல்வது அத்தனையும் சரி. லாரி ஹப்பிலேயே காலம் போனவன் நான். ஆனால் பேரிங் ஏற்றுவதற்குப் பிரஸ், அது இது என்று தம்பியைப் பயமுறுத்த வேண்டாம். வெளிவளையத்தின் அளவுக்கு ஒரு பைப் துண்டு வெட்டி, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் நேராக உட்காரும். சத்தமே சொல்லிவிடும். உட்காரும் வரை ஒரு சத்தம், படியில் முட்டியதும் கணீரென்று வேறு சத்தம்.


ஈரோடு_பெடல் (ஈரோடு)

அண்ணா, லாரி பேரிங்குக்கு அது சரிதான், வளையம் விரல் தடிமன் இருக்கும். 6802இன் மொத்த அகலமே 5 மி.மீ. ஒரு பக்கம் ஒரு தட்டு கூடினால் சாய்ந்துவிடும். சாய்ந்தபடி ஏறினால் அலுமினியத் துளையைச் சுரண்டிக்கொண்டு போகும், அப்புறம் அடுத்த பேரிங் அங்கே இறுக்கமாக நிற்காது.

பிரஸ் ஒன்றும் பெரிய செலவு இல்லை. ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. த்ரெட் ராடு ஒரு அடி, இரண்டு நட், கனமான வாஷர்கள். 15 மி.மீ. துளைக்குள் அது நுழைந்துவிடும். வீட்டில் எல்லா பேரிங்கையும் இதில்தான் ஏற்றுகிறேன். பேரிங்கின் மேல் வைப்பதற்கு வெளி விட்டத்தைவிட அரை மி.மீ. குறைவான சாக்கெட்டோ லேத்தில் போட்ட வளையமோ வேண்டும். முதல் பேரிங்கை வெளிவளையத்தில் மட்டும் அழுத்தி, படியில் முட்டும் வரை ஏற்றுங்க. பிறகு புஷ்ஷைப் போடுங்க. இரண்டாவது பேரிங்குக்கு மட்டும் இரண்டு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொடும் தட்டையான வாஷர் வையுங்க. கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கிக்கொண்டே வந்து ஒவ்வொரு முறையும் புஷ்ஷை ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்க. ஆடிக்கொண்டிருந்த புஷ் எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அரைச் சுற்றுகூட வேண்டாம். இன்னும் கொஞ்சம் முடுக்கினால் உறுதியாக இருக்கும் என்று நினைத்து முடுக்குகிற அந்த அரைச் சுற்றில்தான் புது பேரிங் போகிறது.

ஹப்பில் இருக்கும் 6902க்கும் இதே விதிதான். அங்கே புஷ்ஷுக்குப் பதில் ஆக்சிலின் தோள்.


சங்ககிரி_ஆக்சில் (சங்ககிரி)

மெல்லிய பேரிங்குக்கு அது நியாயமான பேச்சு. ஏற்றுவதற்கு ராடே இருக்கட்டும். எடுப்பதற்குச் சுத்தியல் போதும்தானே?


ஈரோடு_பெடல் (ஈரோடு)

போதும்ங்க. எடுக்கும் பேரிங் எப்படியும் குப்பைக்குப் போகிறது, உள்வளையத்தில் அடித்தாலும் பரவாயில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ராடை விட்டு, வளையத்தைச் சுற்றி இடம் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். அசையவில்லை என்றால் ஃப்ரீஹப்பை மட்டும் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்க. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி விட்டுவிடும். ஏற்றும்போதும் அதேதான்: ஃப்ரீஹப் சூடாக, பேரிங் ஃப்ரீசரில் வைத்து எடுத்ததாக இருந்தால் பாதி பலத்தில் ஏறும். சுடுதண்ணீரில் போட்டதை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே பேரிங்கை வைக்க வேண்டும். கேஸ் அடுப்புத் தீயை மட்டும் காட்டாதீர்கள்.


பின்னல்_திருப்பூர் (திருப்பூர்)

கிரீஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. நிட்டிங் மிஷின் மெக்கானிக் நான், சைக்கிளும் ஓட்டுகிறேன்.

புது பேரிங்கில் கம்பெனி வைக்கும் கிரீஸ் உள்ளே இருக்கும் காலி இடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வேகமாக ஓடும் மிஷினில் அதற்கு மேல் வைத்தால் கடைந்து கடைந்து சூடாகும். சைக்கிளில் அந்தப் பயம் இல்லை, அண்ணன் சொன்ன 180 சுற்றுக்கு எதுவும் சூடாகாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே சீலின் உள்ஓரத்தில் மெல்லிய ஊசியை நுழைத்து, உதடு கிழியாமல் தூக்கி, முக்கால் பங்கு வரை நிரப்பிவிட்டு மறுபடி அழுத்தி மூடுகிறேன். கிரீஸ் இருக்கும் இடத்தில் தண்ணீருக்கு இடம் இருக்காது.

சாதா லித்தியம் ஏபி3 போதுமானது. தண்ணீரில் அதிகம் இறங்குபவர்கள் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் தேடி வாங்கலாம், தண்ணீருக்கு அது நன்றாகத் தாங்கும். ஒரு கிரீஸின் மேல் இன்னொன்றை அப்படியே வைக்க வேண்டாம். சில ஜாதி கிரீஸ்கள் சேர்ந்தால் இளகி வழிந்துவிடும். பழையதை மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்டில் துடைத்து, காய்ந்த பிறகு புதியதை வையுங்க.


ஆழியாறு40 (பொள்ளாச்சி)

முக்கால் பங்கு நிரப்புவது சரி. ஆனால் அதே கையோடு பால் கட்டைக்கும் அதே கிரீஸை அப்பிவிடுகிறார்கள், கோபித் தம்பியின் ஹப்பிலும் அதுதான் நடந்திருக்கிறது. பால் கட்டை நொடியில் எழுந்து பல்லில் விழ வேண்டும். கெட்டி கிரீஸ் இருந்தால் ஒட்டிக்கொண்டு எழாது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அது விழவில்லை என்றால் பெடல் வெறுமையாகச் சுற்றி முட்டி ஹேண்டில்பாரில் மோதும். இதில் சமரசமே கூடாது. அங்கே ஃப்ரீஹப்புக்கென்று விற்கும் இளகிய கிரீஸ் மெல்லியதாக ஒரு பூச்சு, அல்லது கெட்டியான எண்ணெய் சில சொட்டு. டிடி ஸ்விஸ் மாதிரி பல்வட்டு இரண்டும் முகத்துக்கு முகம் பூட்டும் ராட்செட் ஹப் வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பெனி சொல்லும் கிரீஸையே போட வேண்டும்.

அப்புறம், தெளிக்கிற எண்ணெய்க் குப்பியை ஹப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். துருவை இளக்க அது நல்லது. பேரிங்குக்குள் போனால் கிரீஸைக் கரைத்துவிடும்.


வாய்க்கால்மேடு (கோபி)

முடிந்ததுங்க. எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய 6802 இரண்டையும் தட்டி எடுத்து உடைத்துப் பார்த்தேன். உள்பக்கத்து பேரிங்கின் உள்வளையத்தில் குண்டு ஓடும் பள்ளம் இருக்கிறதே, அதன் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஒரே ஓரத்தில் மட்டும் முழு வட்டமாகச் சொறிந்து பொடி உதிர்ந்திருக்கிறது. வெளிவளையத்தில் அதற்கு எதிர் ஓரத்தில் அதே மாதிரி. குண்டுகள் நடுவில் ஓடவே இல்லை, ஓரத்தில் ஏறி அரைத்திருக்கின்றன. அண்ணன் சொன்னதை அப்படியே கண்ணால் பார்த்தேன்.

லேத்தில் அளந்தபோது படிக்குப் படி 21.40 மி.மீ. புஷ் 21.45க்குப் போட்டுக் கொடுத்தார். முதலில் ஏன் சரியாக 21.40 வேண்டாம் என்று கேட்டார், காரணம் சொன்னதும் அவரே இரண்டு முகத்தையும் எமரி பேப்பரில் தேய்த்துச் சமன் செய்து தந்தார். எஸ்கேஎஃப் 61802 ரப்பர் சீல் இரண்டு, ஹப்பின் செயின் பக்கத்துக்கு 61902 ஒன்று வாங்கினேன். நான்கு பேரிங் கிட் என்று சொன்ன விலைக்கு மிகவும் கீழே முடிந்துவிட்டது. ராடு வைத்துத்தான் ஏற்றினேன், அக்கா சொன்ன மாதிரி புஷ் அசையாமல் நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

ஆக்சிலை ஃப்ரேமில் எழுதியிருக்கும் அளவுக்கு முடுக்கிய பிறகும் வீல் அதே லேசில் சுற்றுகிறது. செயின் தொய்வு இல்லை. நேற்று வாய்க்கால் மேட்டில் கரை நெடுக மண்ணில் ஓட்டிவிட்டு வந்து திறந்து பார்த்தேன், உள்ளே சுத்தமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஹப்பின் செயின் பக்கத்து 6902 ஏறும்போது மற்றதைவிட லேசாக ஏறியது. கையால் போகவில்லை, ஆனால் ராடு அதிகம் இழுக்கவும் இல்லை. விடலாமா?


சங்ககிரி_ஆக்சில் (சங்ககிரி)

கையால் போகவில்லை என்றால் இப்போதைக்கு விடலாம். அடுத்த முறை கையால் போகிற அளவுக்கு வந்தால் கவனிக்க வேண்டும். நம் பட்டறைகளில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது: துளையின் உள்ளே சென்டர் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்து, அந்த மேட்டில் பேரிங்கைப் பிடிக்க வைப்பது. வார்ப்பிரும்பு மோட்டார் கவரில் கொஞ்ச நாள் நிற்கும். ஹப்பின் மெல்லிய அலுமினியத்தில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். பேரிங் புள்ளிகளின் மேல் மட்டும் நிற்கும், வளையம் கோணும், துளையும் கெடும்.

லாக்டைட் 641 என்று பேரிங்குக்கென்றே ஒட்டும் மருந்து இருக்கிறது. துளையையும் வெளிவளையத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, துளையில் மெல்லியதாகத் தடவி ஏற்றி, ஒரு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். பின்னால் கழற்றவும் முடியும் என்பதால்தான் 641. இன்னும் கடினமான எண்கள் இருக்கின்றன, அவை இங்கே வேண்டாம். மருந்து சீலில் படக்கூடாது.


காரமடை_ஏற்றம் (காரமடை)

நல்ல இழை. என்னுடைய ஷிமானோ பின் ஹப்பையும் ஓவராயில் செய்யலாம் என்று இருக்கிறேன், அதில் பால்ரஸ் (தனிக் குண்டுகள்) தான். எத்தனை குண்டு, என்ன சைஸ்? கோன் எந்த அளவுக்கு முடுக்க வேண்டும்?


பட்டறைக்காரன் (கணபதி)

பின் ஹப்பில் கால் இன்ச் குண்டு, பக்கத்துக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினெட்டையும் ஒரே பெட்டியிலிருந்து புதிதாகப் போடுங்க. பழையதில் நல்லதைப் பொறுக்கிக் கலந்தால் பெரிய குண்டு மட்டுமே பாரத்தைச் சுமக்கும். கோனுக்கு 15 மி.மீ. மெல்லிய ஸ்பேனரும் லாக் நட்டுக்கு 17உம் பெரும்பாலும் சரியாக வரும்.

கழுவிய பிறகு கோனின் சரிவில் பால்பாயிண்ட் பேனா முனையை வைத்து ஒரு சுற்று இழுத்துப் பாருங்க. முனை எங்காவது தடுக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது, கோனை மாற்றுங்க, தனியாகக் கிடைக்கும். ஹப்புக்குள் இருக்கும் கப்பிலும் அதே மாதிரி பாருங்க. கப்பில் குழி என்றால்தான் கஷ்டம், அது ஹப்போடு சேர்ந்தது. புதுக் குண்டு போட்டு ஓட்டினாலும் அந்தக் குழி புதுக் குண்டையும் தின்னும்.

முடுக்குவது: உங்களுடையது குவிக் ரிலீஸ் (நெம்புகோலை மடக்கி வீலை இறுக்கும் வகை) என்றால், வீல் வெளியே இருக்கும்போது ஆக்சிலில் துளி ஆட்டம் இருக்கும்படி லாக் நட்டை விடுங்க. குவிக் ரிலீஸை மூடும்போது ஆக்சில் சற்று அமுங்கி அந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளும். கையில் ஆட்டமே இல்லாமல் வைத்தால் ஃப்ரேமில் மாட்டியதும் நெருக்கும். மாட்டிய பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்க. ஆட்டம் மிச்சம் இருந்தால் கழற்றி கோனைக் கொஞ்சம் மட்டும் நகர்த்தி மறுபடி பாருங்க. சரியான இடம் வரும் வரை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டத்தான் வேண்டியிருக்கும்.